வேறு வீட்டுக்குப் போன சம்மதம்

2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பதினோராயிரம் பேர் குடியிருந்த வேட்டுவக்காட்டுப்பாளையத்தில், தறிக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வசந்தாமணி, தன் மகள் மோகனப்பிரியா "சரிம்மா" என்று சொன்னதைக் கேட்டாள். சொல் காதில் முழுசாக விழுந்தது, ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை.

அவள் கேட்டிருந்தது சாதாரணக் கேள்வியல்ல. கரூரிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்துவிட்டுப் போன தினகரன் வீட்டாருக்கு அன்று பதில் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், ஜாதகம் பொருந்தியிருந்தது, வசந்தாமணியின் கணவர் அர்த்தநாரிக்கு ஆட்சேபணை இல்லை. "சரின்னு தாக்கல் சொல்லிரலாமா கண்ணு, உன் இஷ்டந்தான்" என்று கேட்டுவிட்டு, மகள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தாள். இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள். மாட்டேன் என்கிற சரிம்மாவும், ஆளை விடு என்கிற சரிம்மாவும், இன்னொரு தடவை கேளேன் என்கிற சரிம்மாவும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். இந்தச் சரிம்மா எதிலும் சேரவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, லேசாக விரிந்த உதடு எல்லாம் இருந்தன. அந்த உதடு எதற்காக விரிந்திருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. "என்னடி சொன்ன?" என்று மறுபடி கேட்டாள். "சரின்னேன்" என்றாள் மகள். அதுவும் வெறுமையாகத்தான் வந்தது.

அதே நிமிடத்தில் ஊர் முழுவதும் அதுவே நடந்திருந்தது, ஆனால் மதியம் வரை பெரும்பாலோருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பெரும்பாலோர் தறிப்பட்டறைகளுக்குள் இருந்தார்கள், பட்டறைக்குள் பேச்சு என்று ஒன்று கிடையாது. தறிகள் ஓடும் இரைச்சலில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைத்தால் நூல் அறுந்துவிட்டது, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ, மீசையைத் தடவினால் முதலாளி வருகிறார், மற்றதெல்லாம் உதட்டசைவு. நூல் அறுந்தது என்றால் நூல் அறுந்தது மட்டும்தான். அதில் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. இரண்டு மணிக்கு வழக்கம்போல மின்சாரம் போய், தறிகள் நின்று, ஆட்கள் வெளியே வந்து வேட்டியை உதறிக்கொண்டு பேசத் தொடங்கிய பிறகுதான், ஒருவன் பேசினால் அவன் கிண்டல் செய்கிறானா சண்டைக்கு வருகிறானா என்று எதிரில் நிற்பவனுக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது.

தறிக்காரர்கள் எல்லோரும் அப்போது ஒரே தவறைச் செய்தார்கள். காது போய்விட்டது என்று நினைத்தார்கள். அந்த ஊரில் நாற்பது வயதில் காது மந்தமாவது தலை நரைப்பது மாதிரி, அதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை, ஒருநாள் வரும் என்று எதிர்பார்த்திருந்தது ஒரேநாளில் எல்லோருக்கும் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் பக்கத்து டவுனில் இருந்த காது டாக்டரின் வாசலில் பஸ் பஸ்ஸாகப் போய் இறங்கினார்கள். டாக்டர் சோதித்துவிட்டு உங்களுக்கு எப்போதும் கேட்கிற அளவு இப்போதும் கேட்கிறது என்று சொன்னார். அவர் வெளியூர்க்காரர் என்பதால் அவர் சொன்னதில் எரிச்சல் இருந்தது எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. அப்படியும் கேட்காமல் சிலர் காது மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். சொற்கள் இன்னும் சத்தமாகக் கேட்டன. சத்தமாகக் கேட்ட பிறகும் காலியாகவே இருந்தன.

விஷயத்தின் மறுபாதி மெல்ல மெல்லத் தெரிந்தது. சொல்லப்பட்டது கேட்டவரிடம் நின்றுவிட, சொன்னவர் நினைத்தது மட்டும் அதே ஊரில் வேறு யாரிடமோ போய் இறங்கிக்கொண்டிருந்தது. காய்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று யாரோ யாரையோ செல்லமாகக் கோபித்துக்கொள்வது தெரிந்தது; யார், யாரை, எதற்கு என்று தெரியவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் பம்ப் ஆபரேட்டர் ஒருவர் ஒரு மணி நேரம் கொழுந்தியாளைக் கேலி செய்கிற சந்தோஷத்தில் இருந்தார். அவருக்குக் கொழுந்தியாளே கிடையாது. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லின் வாட்ச்மேன் ரங்கப்பனுக்கு வந்தது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நினைத்து நினைத்து அவருக்குப் பசித்தது, சாப்பிட்ட பிறகும் பசித்தது, அடிவயிற்றில் ஈரமாக இருக்கிற மாதிரித் தோன்றி வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் அது மேற்குத் தெருவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றின் அழுகை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அறுபது வயது ரங்கப்பன் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் தெருவுக்குள் வந்து, "ஏம்மிணி, பசி! பசி!" என்றோ, "இப்பத் துணி மாத்தோணும்!" என்றோ வாசலில் நின்று கத்துவதும், குழந்தையின் தாய் உள்ளிருந்து "சரிங்கண்ணா" என்பதும் வழக்கமாகி, யாரும் திரும்பிப் பார்ப்பதை விட்டார்கள். நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் ஆடினால் ஆடியதுதான். சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாயைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஊரில் ஒரு பழக்கமாயிற்று.

கோயமுத்தூரிலிருந்து மூளை டாக்டர் ஒரு அம்மாள் வந்தார். சிலரை வேனில் கூட்டிப்போய் மிஷினுக்குள் படுக்கவைத்து, பொம்மைப் படங்களைக் காட்டி, கதைகளைச் சொல்லி, அவர்கள் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார். திரும்பி வந்து கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாகத் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும்போது அதிகமாக வேலை செய்கிற இடம் அது, ஒரு மனிதர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை நினைத்தால் அதைப் பிடிக்கிற இடம், அது உங்கள் எல்லோருக்கும் நல்ல நிலைமையில் வேலை செய்கிறது, ஆனால் எதிரில் இருப்பவருக்காக வேலை செய்யவில்லை, வேறு யாருக்காகவோ செய்கிறது, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றார்.

"அப்பக் கரண்டு வருதுங்க. ஒயர் மாறிப்போச்சு" என்றான், தெருமூலையில் டீக்கடை வைத்திருந்த மயில்சாமி.

"ஏறக்குறைய அப்படித்தான்" என்றார் டாக்டரம்மாள்.

"எந்தக் கம்பத்துல மாறுச்சுங்க?"

டாக்டரம்மாள் சிரித்தார். அது நல்ல சிரிப்பு என்று தெரிந்ததும் மண்டபம் முழுக்கச் சந்தோஷப்பட்டது.

ஒயர் மாறிய ஊர் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்ட விதம் இதுதான். ஒருவர் நினைப்பது யாரிடம் போகிறதோ அவருக்குத் தபால்காரர் என்று பெயர் வந்தது. தபால்காரரைக் கண்டுபிடிப்பதற்காகப் பட்டறை முதலாளிகள் சங்கம் புதன்கிழமைதோறும் கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துக் கொடுத்தது. ஒவ்வொருவராக மேடையேறி, வீட்டாரில் ஒருவரைப் பார்த்து மனசார எதையாவது சொல்ல வேண்டும். தனக்குள் அது வந்து இறங்கியதாகத் தெரிகிறவர் எழுந்து நிற்பார். அதற்குப் பிறகு பாகப்பிரிவினை, நிலப் பேச்சு, சீட்டுக் கம்பெனி என்று முக்கியமான எந்த இடத்துக்கும் ஆட்கள் தங்கள் தபால்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், இரண்டு பேர் பேச நான்கு பேர் உட்கார்ந்தார்கள். தபால்காரர் கிடைக்காதவர்கள் சொல்லுக்குப் பின்னால் சொல் சேர்த்தார்கள். "கோவமில்லாமச் சொல்றேன்" என்றார்கள், "இது சிரிக்கறதுக்குச் சொன்னது" என்றார்கள். அதையும் கோபத்தோடு சொல்லலாம் என்பதால் பெரிய பயன் இல்லை. நகைச்சுவையாகப் பேசுகிறவர்கள் என்று பேர் வாங்கியிருந்த இரண்டு மூன்று பேர் ஊரில் இளைத்துப்போனார்கள்.

வசந்தாமணியின் தபால்காரன் மயில்சாமி என்பது முதல் புதன்கிழமையே தெரிந்துவிட்டது. அவள் மேடையில் நின்று கணவரைப் பார்த்து, "ஏனுங்க, பாவு நூல் தீந்துபோச்சு" என்றாள். மயில்சாமி எழுந்து நின்றான்.

"நீங்கதானாக்கா அது!" என்றான். "ரெண்டு வாரமா யாரோ ஒரு பொம்பளைக்கு மகளை நெனச்சுப் பயமாக் கெடக்குது. எனக்குக் கலியாணமே ஆகல. பாலு ரெண்டு தடவை பொங்கிப் போச்சு."

மண்டபத்தில் எல்லோரும் கேட்டார்கள். வசந்தாமணிக்குத் தெருவில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. அர்த்தநாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. கரூருக்கு ஏற்கெனவே சரி என்று தாக்கல் சொல்லியாகிவிட்டது. சொல்லை வைத்துத்தானே சொல்ல முடியும், பொண்ணு சரின்னுதான் சொன்னா என்பது அவர் கட்சி. ஆவணி கடைசி முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசி, கூறைப்புடவைக்கு நாள் பார்த்து, வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வசந்தாமணி புடவைக் கடையில் மகளிடம் "இந்தக் கலர் புடிச்சிருக்கா" என்று கேட்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள் மகள். தாலிக்கொடி மாடலைக் காட்டினாள். "நல்லாருக்கும்மா." ராத்திரிச் சோற்றில் உப்பு அதிகமாகிவிட்ட நாளிலும் "நல்லாருக்கும்மா" என்றுதான் பதில் வந்தது. அந்தப் பெண் பாத்திரத்தைக் கீழே வைக்கிற ஓசையிலிருந்து மனதைப் படித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பாத்திரம் பாத்திரமாக ஓசையிட்டது.

அம்மன் கோயிலில் பூக் கேட்டார்கள். சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்ததில் வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் செய்யலாம் என்று அர்த்தநாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி மட்டும் திருநீறு கொடுத்துக்கொண்டே, "அம்மனும் இந்த ஊர்தானுங்க. அவ நெனச்சது யாருக்குப் போயிச் சேந்துச்சோ" என்றார். அவர் அதைக் கவலையாகச் சொன்னாரா விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மோகனப்பிரியாவை மேடையேற்றிவிடுவது என்று வசந்தாமணி தீர்மானித்தாள். ஜூலை கடைசியில் ஒரு புதன்கிழமை காலை, மகள் மைக் முன்னால் நின்று, "அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்றாள். மண்டபத்தில் ஒருவரும் எழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் ஒருவரும் எழவில்லை. வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் அது வாய்க்கால் தெரு வரைக்கும் கேட்டது.

மறுநாள் மயில்சாமி வீட்டுக்கே வந்தான். டீத்தூள் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, சொன்னா என்னத் திட்டக்கூடாது" என்றான்.

"சொல்லு."

"கடைக்கு அந்தக் கதிர்வேலு வந்தான். அவங்கம்மா ரெண்டு மாசமாக் காரணமில்லாம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்குதாமா. நேத்து மைக்குல பாப்பா பேசுனப்ப, கத்தரிக்காயக் கூறு கட்டிட்டு இருந்தது அப்படியே போட்டுட்டு, மண்டபத்தப் பாத்து, 'பொய்யி! பொய்யி!'ன்னு கத்துச்சாமா."

கதிர்வேலுவின் அம்மா தெய்வானை, அர்த்தநாரியின் கூடப்பிறந்த அக்காள். மோகனப்பிரியாவுக்குச் சொந்த அத்தை. ஆறு வருடத்துக்கு முன்னால் தன் மகனுக்கு மோகனப்பிரியாவைக் கேட்டு வந்து, உறவுக்குள் வேண்டாம் என்று தம்பி சொன்னதும் வாசலில் இறங்கி நின்று ஒரு கை மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை, எழவு வீட்டில் பார்த்தால்கூட ஒருவர் எழுந்து போன பிறகுதான் மற்றவர் உட்கார்வார். ஊரில் பதினோராயிரம் பேர் இருக்க, மகளின் மனசு போய் இறங்குவதற்கு அந்த வீடுதான் கிடைத்ததா என்று வசந்தாமணி நினைத்தாள்.

"திட்டறீங்க, ஆனா என்னயத் திட்டல" என்றான் மயில்சாமி ஆறுதலாக.

"நீ சும்மா இருடா."

தெய்வானை வீடு இருந்த வாய்க்கால் தெருவுக்கு வசந்தாமணி போனது ஒரு மத்தியான நேரத்தில். கூட மயில்சாமி வந்தான். கணவனின் அக்காளை நங்கையா என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். "நங்கையா" என்று வாசலில் நின்று கூப்பிட்டபோது ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் கூழாங்கல் மாதிரிப் புரண்டது. தெய்வானை வெளியே வந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பேச்சில்லாத வீட்டில் கை நனைத்தால் பகை முடிந்தது என்று கணக்கு. நனைக்காமல் எதையும் கேட்க முடியாது. வசந்தாமணி சாப்பிட்டாள். குழம்பில் காரம் எக்கச்சக்கம். வேண்டுமென்றே போட்டதா, அந்த வீட்டுக் காரமே அதுதானா என்று தெரியாமல் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்தாள்.

"சந்தோசமாச் சாப்படறாங்கம்மா" என்றான் மயில்சாமி தெய்வானையிடம்.

"பொய் சொல்றதுக்கு உன்னக் கூட்டியாரணுமாடா?" என்றாள் தெய்வானை.

கையைக் கழுவிக்கொண்டு வசந்தாமணி நேராகக் கேட்டாள். "பொண்ணு மனசுல என்ன இருக்குதுங்க நங்கையா? அவ சரிங்கறா. நான் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"இங்க சொல்லமாட்டேன்."

"ஏனுங்க?"

"இங்க சொன்னா நாளைக்கு நீ என்ன சொல்லுவ? எம் பையனுக்குக் கட்டிக்கறதுக்காக நானே இட்டுக்கட்டுனேம்ப. அவளுக்கு முன்னாடி சொல்றேன். அவ மறுக்கட்டும். உம் புருசன் என்னய வாசல்ல ஏத்துவானான்னு கேட்டுட்டு வா."

அர்த்தநாரி ஏற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை, ஏற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அக்காள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்குள் போய் நான்கு தறியையும் ஓட்டிவிட்டார். இடைச்சுவரில் இருந்த ஜன்னல் வழியாக இரைச்சல் வீட்டுக்குள் கொட்டியது. பெண்கள் மூன்று பேரும் மயில்சாமியும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. இரண்டு பேர் பேசுவதற்கு இரண்டு தபால்காரர்கள். தாய்க்கு டீக்கடைக்காரன், மகளுக்குப் பகையாளி.

"கண்ணு, மாப்பிள்ளையப் பத்தி நீ என்ன நெனைக்கற?" என்று கேட்டாள் வசந்தாமணி.

மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவன் மாதிரிச் சொன்னான். "பயந்துட்டுக் கேக்கறாங்க பாப்பா. நீ வேண்டாம்னாலும் ஒண்ணுமில்ல, ஆனாச் சொல்லிரு, அப்படிங்கறாங்க."

மோகனப்பிரியா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "நெசமாவா?"

"நெசமாத்தான்" என்றான் மயில்சாமி.

"அவரு நல்லவருதாம்மா" என்றாள் தாயைப் பார்த்து.

"இல்ல" என்றாள் தெய்வானை.

"அத்தை, எம் மனசை நீங்க எதுக்கு…"

"நானா கேட்டு வாங்குனேன்? ரெண்டு மாசமா எந் நெஞ்சுல வந்து உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டீங்கற. கெணத்துல எட்டிப் பாக்கற மாதிரி ஒரு பயம். கறி சாப்புட்டா எறங்கல. பொழுதோட ஆனாப் போதும், போன் மணி அடிக்குமேன்னு ஒரு நடுக்கம். எனக்குப் போனே இல்ல!" அவள் வசந்தாமணியின் பக்கம் திரும்பினாள். "இஷ்டமில்ல அவளுக்கு. அவ்வளவுதான்."

வசந்தாமணிக்கு இதற்காகத்தான் இவளைக் கூட்டிவந்தோம் என்பது மறந்து, மண் தூற்றிய கை மட்டும் கண்ணில் நின்றது. "கலியாணத்தைக் கெடுக்கறதுக்குன்னே வந்தீங்களா? இது நின்னுபோனா உங்க பையனுக்கு ஆகுமுன்னு பாக்கறீங்களா?"

"கோவமாக் கேக்கறாங்க" என்றான் மயில்சாமி.

"தெரியுதுடா, அதுக்கு நீ வேணுமா?" என்றாள் தெய்வானை. அவள் முகத்தை வசந்தாமணி தேடித் தேடிப் பார்த்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல், நரைத்த புருவம். உள்ளே போக வழியில்லை. தெய்வானையின் தபால்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவள் எந்தப் புதன்கிழமையும் மண்டபத்துக்குப் போனதில்லை. பிறகு அவள் சொன்னாள்: "எம் பையனா? அவன நெனச்சா இவளுக்குச் சிரிப்பு வருது வசந்தாமணி. நல்ல சிரிப்பில்ல. வாய்க்கால்ல எருமை விழுந்தாச் சிரிக்கறமே, அந்தச் சிரிப்பு. போன மாசம் அவன் புது வண்டி எடுத்துட்டு இந்தத் தெருவுல வந்தானே, அன்னிக்கு அடுப்படியில நின்னுட்டு நானே எம் பையன நெனச்சுச் சிரிச்சேன். என்ற வயித்துல பொறந்தவன. போதுமா? எம் வாயால சொல்லிட்டேன், போதுமா?"

மோகனப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது. மயில்சாமி மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

வசந்தாமணி நம்பியது அப்போதுதான். எதிரில் இருப்பவள் நல்ல எண்ணத்தோடு சொல்கிறாளா கெட்ட எண்ணத்தோடு சொல்கிறாளா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒருவேளை இரண்டுமே இருந்திருக்கலாம். ஆனால் பெற்ற மகனைப் பற்றி இப்படி ஒன்றை எந்தத் தாயும் சும்மா சொல்லமாட்டாள் என்பதற்கு யாருடைய தபாலும் வேண்டியிருக்கவில்லை.

"என்னடி போன்?" என்று மகளைக் கேட்டாள்.

"அவரு தெனமும் கூப்பிடறாரும்மா. அவரு வெளியூரு. அவரு நெனைக்கறது எனக்கு நேரா வருது. இந்த ஊர்ல எனக்கு நேரா வர்றது அவரு பேச்சு ஒண்ணுதான். ராணி மாதிரி வெச்சுக்குவேங்கறாரு. உள்ள பாத்தா, பெட்ஷீட்டப் பிரிச்சு வெளிச்சத்துல புடிச்சு ஓட்டை இருக்குதான்னு பாக்கற மாதிரி இருக்கு. தெனமும் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறாரு."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ உன் இஷ்டம்னு சொன்ன. முன்னயெல்லாம் உன் இஷ்டம்னா, சரின்னு சொல்லுன்னு அர்த்தம். இந்தத் தடவை அது என்ன இஷ்டம்னே தெரியலயே. அப்பா ஆசைப்பட்டாங்க. நீயும் ஆசைப்படறயாட்ட இருக்குதுன்னு…"

"நானா?" என்றாள் வசந்தாமணி. "உங்கப்பா ஆசைப்பட்டாங்க. நீயும் சரின்ன. அப்பறம் நான் எப்படி…"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி அழுவறீங்க" என்றான் மயில்சாமி. "எனக்கு வர்றது அக்காவோடது மட்டுந்தான், ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைக்கறேன்."

"ஒண்ணுதான்" என்றாள் தெய்வானை, மூக்கைச் சிந்திக்கொண்டு.

அந்த நேரத்தில் ஒவ்வொரு தறியாக நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் பட்டறை இரைச்சலில் உதடுகளைப் பார்த்தே பேச்சு கேட்டவர். காதை மூடிக்கொள்வதற்காகத் தறியை ஓட்டிவிட்டு, கண்ணை மூட மறந்து, நான்கு பேர் பேசியதையும் ஒரு சொல் விடாமல் பார்த்திருந்தார். நூல் தூசி படிந்த தலையோடு உள்ளே வந்து, அக்காளுக்கு முன்னால் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல், கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய் டீ குடிக்கிறாயா என்று கேட்டார். தெய்வானை தலையாட்டினாள். பிறகு அவர் மனைவியிடம், "கரூருக்குத் தாக்கல் சொல்லிரு. வேண்டாம்னு" என்றார்.

கரூர்க்காரர்கள் இரண்டு காரில் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். பேசி முடித்த கல்யாணத்தை நிறுத்துகிற குடும்பம் என்றார்கள், இந்தப் பெண்ணுக்கு இனி எவன் வருவான் என்று பார்க்கிறோம் என்றார்கள். தெரு முழுக்கக் கூடி நின்று கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கோபம் கோபமாகவே நேராக வந்து சேர்ந்ததில் சிலருக்கு உடம்பு லேசானது, இரண்டு கிழவர்கள் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். தினகரன் காரை விட்டு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒயர் மாறியது மாறியபடியே இருந்தது. வசந்தாமணி வாரத்துக்கு ஒருமுறை வாய்க்கால் தெருவுக்குப் போய்க் கை நனைத்தாள், சாப்பிட்டு முடித்து, "இந்த வாரம் எப்படி இருக்கறா?" என்று கேட்டாள். தெய்வானை சில வாரம் சொன்னாள். சில வாரம், "அதெல்லாம் உங்கிட்டச் சொல்றதுக்கில்ல" என்று எழுந்து போனாள். அப்படிப்பட்ட நாட்களில், தான் பெற்ற பெண்ணின் மனதை இன்னொருத்தி மடியில் முடிந்து வைத்திருப்பதாகத் தோன்றி, வழி நெடுக வசந்தாமணி முணுமுணுத்துக்கொண்டே திரும்புவாள். தெருமூலையில் மயில்சாமி அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு டீயை நீட்டுவான். மோகனப்பிரியா பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குப் போனாள். வந்த வரன்களை அர்த்தநாரி முதலில் அக்காள் வீட்டுக்குத்தான் அனுப்பினார். 2016 தை மாதத்தில் மூன்றாவதாக வந்த பெருந்துறைப் பையன் அங்கே மோகனப்பிரியாவிடம் பேசிவிட்டுப் போன பிறகு, அடுப்படியில் நின்றிருந்த தெய்வானை தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வெளியே வந்து, "இது எருமைச் சிரிப்பில்ல" என்றாள். அந்தக் கல்யாணம் நடந்தது.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தெய்வானை மாரடைப்பில் இறந்தாள். அன்று மாலை அவள் உடலுக்கு முன்னால் நின்று மோகனப்பிரியா அழுதாள், அது எப்படிப்பட்ட அழுகை என்பது ஊரில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.